பச்சை மேசை

அந்த மேசையை அழகாக்க வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் இப்போது ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்று சொல்வதுதான் மூன்று பேருக்கும் வசதி.

திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கிற ஒழுங்கை ஒன்றில் எங்கட அனெக்ஸ். ஒரு அறை, சின்னக் குசினி, வெளியில் கிணற்றடி. எங்களில் ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி மன்னார், ஒருத்தி புதுக்குடியிருப்பு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒழுங்கை முழுக்க அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே. அறையோடு சேர்த்து மூன்று கட்டில், ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, ஒரு மேசை தந்தார். மூன்று பேருக்கு ஏன் இரண்டு கதிரை என்று கேட்டபோது, "ஒராள் எப்பவும் போனோட கட்டில்லதானே கிடக்கப் போறா" என்றார். அதில் பிழை சொல்ல முடியாது.

மேசை பச்சை. பழைய வீட்டு யன்னல்களுக்கு அடிக்கிற அதே பச்சை. பெயின்ற் தடிப்பாக, பிரஷ் போன கோடு தெரியும்படி இருக்கும். ஓரங்களில் செதில் செதிலாக உரியும். வெயில் நாளில் எழுதினால் முழங்கை ஒட்டும். இரண்டு லாச்சி. இடப்பக்கத்து லாச்சி மாரியில் ஊதி இறுகிவிடும், தை பிறந்த பிறகுதான் வழிக்கு வரும். ஒருமுறை கார்த்திகை மாதத்தில் எங்களில் ஒருத்தியின் அடையாள அட்டை அதற்குள் அகப்பட்டு, சோதினைக்கு முதல் நாள் இரவு பின்பலகையைக் கழற்றி எடுத்தோம். ஒரு காலும் கட்டை. உதயன் பேப்பரை நாலாக மடித்து அடியில் வைத்திருந்தோம்.

பிறகு அந்த வீடியோக்கள் வந்தன. பழைய மேசை, வெள்ளைப் பெயின்ற், இரண்டு நிமிடத்தில் புதுப் பெண் மாதிரி ஒரு மேசை, மேலே ஒரு பூச்சாடி. அந்த இரண்டு நிமிடத்துக்கு உள்ளே எத்தனை நாள் வேலை கிடக்கிறது என்று அந்த வீடியோக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டோம். நிறத்துக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை. மஞ்சள் என்று ஒருத்தி, நீலம் என்று ஒருத்தி. கடைசியில் யாருக்கும் முழுசாகப் பிடிக்காத வெள்ளையில் சமாதானம்.

ரீச்சரிட்ட அனுமதி கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அடியுங்கோ. ஆனா சுரண்டாதேங்கோ பிள்ளையள். அப்பிடியே மேல அடிச்சு விடுங்கோ" என்றார்.

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. வயது போனவர்கள் தங்கட சாமானில் மற்றவர் கை வைத்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஹாட்வெயார் கடை அண்ணா வேறு கதை சொன்னார். "சுரண்டாம அடிச்சா ஆறு மாசத்தில புதுசும் பழசும் ஒண்டாச் சேர்ந்து கழண்டு வரும். பெயின்ற் பிடிக்கிறது பெயின்ற்றில இல்லை தங்கச்சி, அதுக்குக் கீழ இருக்கிறதில." வெள்ளை எனாமல் ஒரு பேணி, அண்டர்கோட் ஒரு பேணி, தின்னர் ஒரு போத்தல், புட்டி, 80, 120, 220 என்று மூன்று இலக்கத்தில் சாண்ட் பேப்பர், அதோடு தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வோட்டர் பேப்பர். இலக்கம் கூடக் கூட மணல் நுணுக்கம் கூடும். 80இல் தொடங்கினால்தான் பழசு போகும்; 220இல் முடித்தால்தான் கைக்கு வழுவழுப்பு வரும்.

அந்த அண்ணா சொன்ன இன்னொரு விசயத்தை இங்கே கட்டாயம் எழுதவேண்டும், ஏனெண்டால் வீடியோக்களில் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. பழைய எனாமல் பெயின்ற்றைக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் பச்சை, மஞ்சள் போன்ற நிறங்களுக்கும் பெயின்ற் கெதியாய்க் காய்வதற்கும் ஈயம் சேர்ந்த சாமான்கள் போடுவது வழக்கம். இலங்கையில் பெயின்ற்றில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்பதற்குச் சட்டப்படி எல்லை வந்ததே 2013இல்தான். அதற்கு முந்திய மேசையைத் தேய்த்தால் வருகிற தூசி நெஞ்சுக்குள் போகும். அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேண்டும், வாயையும் மூக்கையும் மூடவேண்டும், தேய்த்துக் கழுவிய சேற்றைக் கிணற்றடியில் ஊற்றாமல் பேப்பரில் வழித்து எடுத்துக் கட்டி எறியவேண்டும். கொரோனாக் காலத்து மாஸ்க் ஒரு பெட்டி அலுமாரியில் கிடந்தது. அது கடைசியாக ஒரு வேலைக்கு உதவியது.

இப்ப நாங்கள் செய்த பிழைக்கு வருகிறோம். ரீச்சர் சுரண்ட வேண்டாம் என்றார், கடை அண்ணா சுரண்டு என்றார், நாங்கள் கடை அண்ணா சொன்னதைக் கேட்டோம். அதுவும் களவாக. நல்லூரில் கொடியேறியிருந்த காலம். 25 நாளும் ரீச்சர் விடிய வெள்ளன முழுகிப் போட்டுக் கோயிலுக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வருவார். அவர் படலையைச் சாத்தியதும் நாங்கள் மேசையை வேப்பமரத்துக்குக் கீழே தூக்குவோம். பேப்பர் விரித்து, தண்ணீர் தொட்டு, தேய்ப்போம். ஒன்பதரைக்கு மேசையைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்து, பழைய கட்டில் விரிப்பால் மூடிவிடுவோம். அடுத்த அறையில் இருந்து கேட்டால், "தூசி படாம மூடியிருக்கு ரீச்சர், நாளைக்கு அடிக்கப் போறம்." மூன்று நாள் இந்த நாளைக்கு ஓடியது.

பச்சை லேசில் போகவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தரம் அடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே கடும் மண்ணிறப் பொலிஷ். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. முதல் நாள் வலப்பக்கத்துக் கால்கள் இரண்டும்தான் முடிந்தன. இரண்டாம் நாள் ஒழுங்கை முடிவில் தச்சுவேலை செய்கிற ஐயா எட்டிப் பார்த்தார். கட்டைக் காலுக்கு ஒரு துண்டுப் பலகை வைத்து ஆணி அடித்துத் தந்தார். பச்சை போன இடத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "வேம்பு. அதுதான் உக்காமல் கிடக்கு. பூச்சி கிட்டப் போகாது" என்றார். அது வரைக்கும் அந்த மேசை என்ன மரம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இரண்டு வருசம் அதன் மேலே இருந்து சோறு தின்றிருக்கிறோம்.

மூன்றாம் நாள் மேற்பலகை. நடுவில் தொடங்கி வெளியே போனோம். வலப்பக்க மூலைக்கு வந்தபோது மட்டக்களப்புக்காரி கையை எடுத்தாள். "இஞ்ச பாருங்கடி."

மண்ணிற மரத்தில் பச்சை எழுத்து.

சுற்றிவர இருந்த பெயின்ற் தேய்ந்து போய்விட்டது. ஆனால் மரத்தில் ஆழமாகக் கீறியிருந்த இடத்துக்குள் இறங்கிய பச்சை அப்படியே நின்றது. யாரோ கவராயத்து முனையால் இருந்து ஆறுதலாகக் கீறியிருக்கிறார்கள். இரண்டு எழுத்து, புள்ளி வைத்து. பக்கத்தில் 89. அதற்குக் கீழே ஒரு நேர்கோடு, அடிமட்டம் வைத்து இழுத்தது. வகுப்பறை வாங்கில்களில் ஆயிரம் கண்டிருக்கிறோம். இது அப்படி விளையாட்டாய்க் கீறியதாகத் தெரியவில்லை. தன்ர சொந்த மேசையில், தன்ர சொந்தப் பேரை எழுதுகிற ஒராளின் ஆறுதல் அதில் இருந்தது.

"ரீச்சற்ற பேரில்லையே" என்றாள் மன்னார்க்காரி. ரீச்சரின் மகளின் பேரும் இல்லை, ரீச்சரின் அவற்ற பேரும் இல்லை. கரண்ட் பில்லில் அவரின் பேர் இப்பவும் வருகிறது, எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கோயிலடியில் சனம் கூட, வெயிலும் கூட. ரீச்சருக்குத் தலை சுற்றி, எட்டரைக்கே ஓட்டோ பிடித்து வந்துவிட்டார். படலை திறந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அர்ச்சனைத் தட்டோடு பின்னால் நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "சொறி ரீச்சர்" என்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தேத்தண்ணி போடுங்கோ, வாறன்" என்று சொல்லி உள்ளே போனார்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். நாங்கள் நினைவில் இருந்து எழுதுகிறோம், அதனால் சொல் பிசகியிருக்கலாம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கட வயசுக்காரருக்கு அது பாடப்புத்தகத்திலும் இல்லை, நேரில் கண்டதும் இல்லை. ஆனால் அம்மம்மாமார் சொல்லிச் சொல்லி, செம்மணி வீதியில் அந்த மழைக்குள் நாங்களே நடந்த மாதிரி. ரீச்சர், அவர், மகள் மூன்று பேரும் இரண்டு சைக்கிளோடு சாவகச்சேரிப் பக்கம் போய், ஒரு வீட்டு மாலில் ஆறு மாதம் இருந்திருக்கிறார்கள். 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தால் வீடு இருக்கிறது, வீட்டுக்குள் ஒன்றுமில்லை. கட்டில், அலுமாரி, கதிரை, மேசை, அம்மி கூட இல்லை. "எல்லாம் போட்டுது. பரணில கிடந்த அரைப் பேணி பச்சைப் பெயின்ற் மட்டும் போகேல்லை. அதை ஆர் எடுக்கிறது?"

மகளுக்கு அந்த வருசம் ஓ. எல். நிலத்தில் பாய் போட்டுக் குனிந்திருந்து படித்தாள். ஒருநாள் ஒழுங்கையால் ஒரு ஆள் தள்ளுவண்டிலில் தளபாடம் கொண்டு போனார். இந்த மேசையும் அதில் இருந்தது. 300 ரூபா.

"ஆற்றையோ வீட்டுச் சாமான் எண்டு தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினன். எங்கட மேசையும் அப்பிடி எங்கையோ ஒரு வண்டில்ல போயிருக்கும்தானே எண்டு எனக்கு நானே சொன்னன்" என்றார். "வீட்டுக்குள்ள கொண்டந்து துடைச்சாப்பிறகுதான் பேரைக் கண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் படலையடியில ஆர் வந்தாலும் நெஞ்சு இடிக்கும். மேசைக்காரர்தான் வாறாரோ எண்டு. அவர்தான் அந்தப் பச்சையை எடுத்து அடிச்சவர். ஒருக்கா அடிக்க எழுத்துத் தெரிஞ்சுது. இன்னொருக்கா அடிச்சவர்."

மகள் ஓ. எல். பாஸ். ஏ. எல்லும் அந்த மேசையில்தான். இப்போது கனடாவில் இருக்கிறா. அவர் செத்து ஒன்பது வருசம். மேசைக்காரர் வரவே இல்லை.

எங்களில் புதுக்குடியிருப்புக்காரி அது வரைக்கும் வாய் திறக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ரீச்சர், அந்த ஆக்கள் வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களோ?"

ரீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "அப்ப குடுத்திருக்கமாட்டன்" என்றார். "சோதினை முடிஞ்சாப்பிறகு குடுத்திருப்பன்."

அன்று இரவு அறைக்குள் பெரிய கதை நடந்தது. புதுக்குடியிருப்புக்காரியின் குடும்பம் 2009இல் வெளிக்கிட்டு, முகாமில் இருந்து, திரும்பிப் போனபோது அவர்கள் வீட்டில் கதவுநிலையும் இல்லை. அவளின் அம்மாவிடம் ஒரு தையல் மெசின் இருந்ததாம். மேற்பலகையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளம், தோணி மாதிரி. "அம்மா இப்பவும் ஆற்ற வீட்டில தையல் மெசினைக் கண்டாலும் போற போக்கில சீலைத் தலைப்பால பலகையைத் துடைக்கிற மாதிரித் துடைச்சுப் பார்ப்பா. நாங்கள் வெக்கத்தில நெளிவம்." அந்த மெசினும் இப்போது யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்குச் சோறு போட்டிருக்கலாம் என்று மன்னார்க்காரி சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். "போட்டிருக்கட்டும். அதுக்காக அந்த அடையாளத்தை ஆரும் சுரண்டியிருந்தா எனக்குக் கோபம் வரும்" என்றாள் இவள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

எங்களுக்கு ரீச்சரில் கோபம் வரவேண்டுமா இல்லையா என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. தானும் எல்லாம் இழந்த ஒராள், இன்னொருவர் இழந்ததை 300 ரூபாய்க்கு வாங்குகிறார். வாங்காமல் விட்டிருந்தால் அந்த வண்டில் அடுத்த ஒழுங்கைக்குப் போயிருக்கும். இது நியாயமா என்றால் நியாயமில்லை. நாங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் வாங்கியிருப்போமா என்றால், மூன்று பேரில் இரண்டு பேர் ஓம் என்றோம். மற்றவள் நித்திரை மாதிரிக் கிடந்தாள்.

காலையில் ரீச்சரிடம், மேலேயும் வெள்ளை அடிக்கவா, விடவா என்று கேட்டோம். "நான் ஒருக்கா மூடினது காணும். இனி உங்கட விருப்பம்" என்றார். கேட்டு முடிய முதல் புதுக்குடியிருப்புக்காரி 120ஆம் இலக்கப் பேப்பரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

ஆக மேற்பலகைக்கு வெள்ளை இல்லை. கால்களுக்கும் பக்கப்பலகைக்கும் லாச்சிகளுக்கும் மட்டும். அண்டர்கோட் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, எனாமல் முதல் தரம் அடித்தோம். சோளகக் காற்றை யோசிக்கவே இல்லை. ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணத்தில் வெளியில் வைத்துப் பெயின்ற் அடிக்கிறவர்களுக்குக் கோயில் கட்டவேண்டும். எனாமல் காய ஒரு நாள் எடுக்கும். அந்த ஒரு நாளும் அது பசை. திருநெல்வேலிச் செம்மண் முழுக்க வந்து குந்திக்கொண்டது. பின்னேரம் போய்ப் பார்த்தால் வெள்ளை மேசை பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது, ஒரு காலில் வேப்பிலை ஒன்று ஒட்டி, அச்சாய்ப் பதிந்திருக்கிறது. மட்டக்களப்புக்காரி இலையை அப்படியே விடுவோம், டிசைன் என்று சொல்லுவோம் என்றாள். விடவில்லை. மறுபடி வோட்டர் பேப்பர், மறுபடி தோள்வலி. இரண்டாம் தரம் காற்று எழும்ப முன்னம் விடிய ஐந்து மணிக்கு, முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து மண்ணை அடக்கிவிட்டு அடித்தோம். தொட்டால் ஒட்டாது என்ற அளவுக்கு இறுகியதும் உள்ளே தூக்கிவிட்டோம். இது ஒன்றைத்தான் நாங்கள் உங்களுக்கு அனுபவப்பட்டவர்களாகச் சொல்லமுடியும்.

மேற்பலகைக்குத் தச்சு ஐயா பொலிஷ் காட்டித் தந்தார். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்தது. பஞ்சைப் பழைய பருத்தித் துணியால் சுற்றிப் பொட்டலம் மாதிரிப் பிடித்து, தொட்டுத் தொட்டு, ஒரே இடத்தில் நிற்காமல் இழுக்கவேண்டும். நின்றால் கறுப்பு வட்டம் விழும். ஸ்பிரிட் கெதியாய்ப் பறந்துவிடும், சில நிமிடத்தில் காய்ந்துவிடும், அதனால் சோளகத்தால் இதை ஒன்றும் செய்யமுடியவில்லை. ஐந்தாறு தரம் இழுத்த பிறகு வேம்பின் செம்மண்ணிறம் மேலே எழும்பி வந்தது. எழுத்துக்குள் இருந்த பச்சையை ஊசியால் தோண்டி எடுப்போமா என்று கேட்டபோது ஐயா வேண்டாம் என்றார். தோண்டினால் மரம் பிளக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

இப்போது மேசை யன்னலடியில் நிற்கிறது. வீடியோவில் வருகிற மாதிரி இல்லை. கீழே வெள்ளை, மேலே மண்ணிறம், மூலையில் பச்சை. இடப்பக்க லாச்சி போன மாரிக்கும் இறுகியது. அதற்குப் பெயின்ற்றால் ஒன்றும் செய்யமுடியாது, ஓரத்தைச் சீவவேண்டுமாம். சூடான கோப்பையை மட்டும் மேலே வைக்கமாட்டோம், அரக்குப் பொலிஷில் வெள்ளை வட்டம் விழும். வலப்பக்க மூலை ஒருவருக்கும் சொந்தமில்லை, அங்கே புத்தகம் அடுக்குவதில்லை. அப்படி யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. ரீச்சர் வாடகை வாங்க வந்தால் கதிரையில் இருந்து கதைப்பார், கை அந்த மூலையில் இருக்கும்.

படம் எடுத்து முகப்புத்தகத்தில் போட்டால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். ரீச்சர் முதலில் மாட்டன் என்றார். இரண்டு கிழமை கழித்து, தானாக வந்து, "எழுதுங்கோ. என்ர பேர் வேண்டாம். அந்த எழுத்தையும் போடாதேங்கோ" என்றார். ஏன் எழுத்து வேண்டாம் என்று கேட்டோம். "போட்டா ஆரும் வந்து தங்கடை எண்டு சொல்லலாம். உரிய ஆளுக்குத் தன்ர எழுத்துத் தெரியும்தானே."

அதனால் எழுத்தை இங்கே எழுதவில்லை. 1989இல் வலிகாமத்தில் எங்கோ ஒரு வீட்டில், வேம்பு மேசையின் வலப்பக்க மூலையில், கவராயத்தால் தன் பேரின் இரண்டு எழுத்தைக் கீறி அடியில் கோடும் இழுத்தவர் இதைக் கண்டால் எங்களுக்கு எழுதட்டும். இரண்டு எழுத்தையும் சரியாகச் சொன்னால் மேசை அவருக்கு. ஏற்றுக்கூலி தான் தருவதாக ரீச்சர் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு இறுதியாண்டுச் சோதினை மாசியில். அதற்குப் பிறகு வந்தால் இன்னும் நல்லது.